பழைய எழுத்தில் புதிய தபாலட்டை: மருதமுனையிலிருந்து தொடங்கக்கூடிய ஒரு தொழில்

மருதமுனைக்குப் பக்கத்துக் கல்முனைக் கடைத்தெருவில் டிசைன் வேலை தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. கலியாணக் கார்டு, டியூஷன் வகுப்பு நோட்டீஸ், தேர்தல் பதாகை, கடைப் பெயர்ப்பலகை என்று உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே பலர் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால் எல்லோர் கையிலும் இருப்பது அதே சில எழுத்துருக்கள், இணையத்தில் இறக்கிய அதே பூங்கரைகள். அதனால் போட்டி விலையில் மட்டும்தான் நடக்கிறது. ஒருவர் குறைத்தால் அடுத்தவர் இன்னும் குறைக்கிறார்.

விலையால் உங்களை யாரும் வெல்ல முடியாத ஒரு வேலையைப் பற்றி இங்கே சொல்கிறேன். பழைய எழுத்துகளை மையமாக வைத்துத் தபாலட்டை வடிவமைப்பது. படம் வேண்டாம், கடற்கரைச் சூரியன் வேண்டாம். எழுத்துதான் அட்டையின் முகம். இதைக் கணினி தெரிந்த எவரும் செய்யலாம் என்று தோன்றும். செய்ய முடியாது. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரால் மட்டுமே முடியும், அந்தப் படிப்பைத்தான் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்குகிறார்.

நம்மிடம் இருக்கும் சரக்கு

காலியில் 1911இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த கற்பலகை ஒன்றைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நட்ட கல் அது. பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்ட விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் அளித்த காணிக்கைகளை அது சொல்கிறது. இன்று கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்தும் அரபு எழுத்தும் ஒரே கல்லில் சேர்ந்து நிற்கும் அந்தப் பலகையை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மருதமுனைப் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த வடிவமைப்புப் பாடம் இந்த நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். இரண்டு எழுத்தும் நம் வீட்டு எழுத்து.

நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துகள் மூன்று வகை. முதலாவது பிராமி. அம்பாறை மாவட்டத்திலேயே இராஜகலையில் மகிந்த தேரரின் பெயர் உள்ள பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் பிராமி எழுத்துள்ள முத்திரை கிடைத்தது. திஸ்ஸமகாராமையில் கிடைத்த மட்பாண்டத் துண்டு ஒன்றில் இருப்பது தமிழ்ப் பிராமி என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 2010இல் எழுதினார். இரண்டாவது அரபுத்தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் மார்க்க நூல்களை அதில்தான் எழுதினார்கள். அவர் இலங்கைக்கும் வந்து போனவர். நம் மூத்தம்மாமார் தமிழ் நெடுங்கணக்கு அறியாமலே தமிழ் வாசித்தார்கள் என்றால் இந்த எழுத்தால்தான். மூன்றாவதை யாரும் பழைய எழுத்து என்று நினைப்பதில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் அட்டை: கரைவலை

பிராமியில் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் சொல் ‘கரைவலை’. காரணம் உண்டு. தமிழ்ப் பிராமியில் ‘க’ ஒரு கூட்டல் குறி. ‘ர’ ஒரு நேர்க்கோடு. ‘வ’ ஒரு வட்டம், அதன் தலையில் நிற்கும் ஒரு கோடு. ‘ல’ கீழே வளைந்த ஒரு கொக்கி. குறுக்குக் கோடு, நெடுங்கோடு, வட்டம், வளைவு என்று வடிவமைப்பின் அடிப்படை வடிவங்கள் நான்கும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஐகாரத்துக்கு எழுத்தின் தலையில் இடப்பக்கமாக இரண்டு சிறு கோடுகள். இன்று நாம் எழுதும் ‘ை’ அந்த இரண்டு கோடுகளின் வழி வந்ததுதான். கோடுகளின் தடிப்பை ஒரே அளவாக வையுங்கள். கல்லில் உளி போன பாதைக்குத் தடிப்பு, மெலிவு கிடையாது. நிப் பேனாவின் ஏற்ற இறக்கத்தை அதில் புகுத்தினால் எழுத்து பொய்யாகிவிடும்.

அடுத்த பயிற்சி ‘மருதமுனை’. இங்கே சிக்கல் தொடங்குகிறது, படிப்பும் தொடங்குகிறது. ‘ம’ தமிழ்ப் பிராமியிலும் இலங்கைப் பழம் பிராமியிலும் ஒரு கிண்ணம், அதன் குறுக்கே ஒரு கோடு. அசோகன் பிராமியின் ‘ம’ வேறு: கீழே வட்டம், மேலே விரிந்த இரண்டு கைகள். இணையத்தில் தேடினால் முதலில் வருவது அசோகன் வடிவம்தான். அதைப் போட்டுவிட்டு ‘நம் ஊரின் பழைய எழுத்து’ என்று அட்டையில் எழுதினால் அது பிழை. ‘மு’வுக்குக் கிண்ணத்தின் அடியிலிருந்து கீழே ஒரு கோடு இறங்கும். ‘ரு’வில் கவனம் வேண்டும். நேர்க்கோட்டின் அடியில் வலப்பக்கம் கோடு இழுத்தால் அது அப்படியே ‘உ’ என்ற தனி எழுத்தாகிவிடும். அந்தக் கோட்டை எங்கே இணைப்பது என்று கல்வெட்டுப் படிகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ‘ன’வுக்கும் ‘ந’வுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. ழ, ள, ற, ன ஆகிய நான்கும் தமிழுக்கென்று சேர்க்கப்பட்ட எழுத்துகள். வடக்கத்திப் பிராமி அட்டவணையில் தேடினால் அவை இருக்காது.

பார்க்க வேண்டிய நூல்கள் இரண்டு. மகாதேவன் 2003இல் வெளியிட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு நூலில் எழுத்துகள் காலவரிசைப்படி அட்டவணையாக இருக்கின்றன. தொல்லியலாளர் பரணவிதான 1970இல் வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. இரண்டும் ஆங்கிலம். பயப்பட வேண்டாம், உங்களுக்கு வேண்டியது படத்தட்டுகளும் அட்டவணையும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் யாராவது ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். நூலகத்தில் கிடைக்குமா என்று அவரிடம் கேளுங்கள்.

கணினிக்கு வந்தால், யூனிகோடில் பிராமி 2010இலேயே சேர்ந்துவிட்டது. நோட்டோ சான்ஸ் பிராமி, ஆதிநாதா தமிழ்ப் பிராமி இரண்டும் இலவசம். அவற்றைச் சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அட்டையில் அப்படியே தட்டச்சு செய்து ஒட்டாதீர்கள். கையால் வரைந்து, ஸ்கேன் எடுத்து, இன்க்ஸ்கேப்பில் கோடுகளாக மாற்றுங்கள். இன்க்ஸ்கேப் இலவச மென்பொருள், திருட்டுப் பிரதி தேட வேண்டியதில்லை. பிராமிக்குப் பின் தமிழில் வழங்கிய வட்டெழுத்துக்கு யூனிகோடில் இன்னும் இடமே இல்லை. அதை வரையத் தெரிந்தவர் வரைந்தால்தான் உண்டு. கையால் எழுதுகிறவருக்கு அது நல்ல செய்தி.

மருதமுனையில் நெசவு தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. கட்டத்தாளில் பூவேலை போட்டுப் பழகிய கை பிராமியைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். இன்றைய தமிழ் எழுத்தின் வளைவுகளைப் பாவுக்கும் ஊடைக்கும் கொண்டுவந்தால் படிக்கட்டாக உடைந்துபோகும். பிராமியின் ‘க’, ‘ர’, ‘ந’, ‘ண’ எல்லாம் நேர்க்கோடுகள், அவை தறியில் உடையாமல் நிற்கும். அட்டையில் வெற்றி கண்ட வடிவத்தைச் சாறன் கரையில் நெய்து பார்க்கலாம். இந்த இரண்டு கைத்தொழிலும் ஒரே ஊரில் சேர்ந்திருப்பதைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

அரபுத்தமிழில் கை வைக்கும்போது

அரபு எழுத்தில் ட, ண, ப, ள போன்ற தமிழ் ஒலிகளுக்கு இடமில்லை. அதனால் இருக்கும் அரபு எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். அந்தப் புள்ளிகள்தான் அரபுத்தமிழின் அழகு. ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறிவிடும். சாதாரண அரபு எழுத்துருவில் இந்தக் கூடுதல் எழுத்துகள் பல இருக்காது, வெறும் பெட்டி விழும். எஸ்ஐஎல் நிறுவனத்தின் ஷெஹரசாட் நியூ போன்று அரபு எழுத்துத் தொகுதியை அகலமாக உள்ளடக்கிய எழுத்துருவை முயன்று பாருங்கள். அதிலும் இல்லாததை வரைந்துகொள்ளுங்கள். வரைந்ததைக் கிதாபு ஓதிப் பழகிய ஒரு மூத்தவரிடமோ மௌலவியிடமோ காட்டி, அவர் தயங்காமல் வாசித்தால் மட்டும் அச்சுக்கு அனுப்புங்கள். அவர் ஒரு நொடி நின்றால் எங்கே நின்றார் என்று கேளுங்கள். திருத்த வேண்டிய இடம் அதுதான்.

எந்தச் சொல்லை எடுப்பது என்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். குர்ஆன் வசனத்தையும் அல்லாஹ்வின் திருநாமங்களையும் தபாலட்டையில் போடாதீர்கள். தபாலட்டை உறையில்லாமல் போவது. தரையில் விழும், மை படும், குப்பைக்கும் போகும். அந்த எழுத்தை மதிக்கிறவர் வாங்க மாட்டார், வாங்குகிறவர் மதிப்பார் என்பதற்கு உறுதியில்லை. நம் அன்றாடச் சொற்களே போதும்: கச்சான், வாடை, தோணி, வாவி, தறி, மூத்தம்மா. கச்சான் காற்றின் சூட்டை ஒரு சொல்லின் வளைவில் கொண்டுவர முடிந்தால் நீங்கள் நல்ல கலைஞர்.

மூன்றாவது எழுத்து

‘மருதமுனை’யின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்று ‘னை’ என்று இரண்டு துண்டாக அச்சாகிறது. முன்பு ‘ன’வின் தலையிலிருந்து தும்பிக்கை வளைந்து வந்து ஒரே எழுத்தாக நிற்கும். ணை, லை, ளை மூன்றிலும் அதே தும்பிக்கை. ணா, றா, னாவுக்கும் தனி வளைவுகள் இருந்தன. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு அரசாணையோடு அவை மாறின. இங்கேயும் இப்போது அச்சில் காண முடியாது. ஆனால் அறுபது, எழுபது வயது தாண்டியவர்களின் கையெழுத்தில், பழைய கடைப்பலகையில், பள்ளிவாசல் திறப்புக் கல்லில் இன்னும் இருக்கின்றன. பிராமி என்றால் வாங்குகிறவர் வியப்பார். இந்தத் தும்பிக்கை ‘னை’யைக் கண்டால் ஊரை விட்டுப் போன ஒரு மருதமுனையாரின் மனம் இளகிவிடும். முதல் தொகுதியில் குறைந்தது இரண்டு அட்டை இந்த எழுத்தில் இருக்கட்டும். இதற்கு எந்த நூலும் வேண்டாம். வாப்பா எழுதிய பழைய கடிதம் ஒன்று போதும்.

அச்சகத்துக்குப் போகுமுன்

தபாலட்டைக்கு அளவு விதி உண்டு. உலக அஞ்சல் ஒன்றியத்தின் முறைப்படி 90க்கு 140 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஏ6 அளவு, அதாவது 105க்கு 148, எல்லா நாட்டுக்கும் பொருந்தும். முகவரிப் பக்கத்தில் வலப்பாதி முகவரிக்கும் முத்திரைக்கும். அங்கே பூவேலை செய்யாதீர்கள். இடப்பாதியில் எழுதுவதற்கு இடம் விட்டு, அதன் அடியில் சிறிய எழுத்தில் விளக்கம் போடுங்கள்.

அட்டை 300 கிராம் தடிப்பில் இருக்கட்டும். பின்பக்கம் பளபளப்புப் பூச்சு கூடாது, பேனா ஓடாது. நாலு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் வெட்டுக்கு விடுங்கள், எழுத்து ஓரத்திலிருந்து ஐந்து மில்லிமீற்றர் உள்ளே நிற்கட்டும். மெல்லிய கோடுள்ள எழுத்தை ஒற்றைக் கறுப்பில் மட்டும் கொடுங்கள். நாலு மையும் கலந்து கறுப்பாக்கினால் சற்று விலகினாலும் ஓரம் கலங்கிப்போகும். எல்லா எழுத்தையும் கோட்டுருவாக மாற்றிய பிறகே கோப்பைக் கொடுக்க வேண்டும். அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் விழும்.

ஒரு கணக்கு சொல்கிறேன், இதைப் பிடித்துக்கொண்டால் கைமுதல் முடங்காது. டிஜிட்டல் அச்சில் ஓடும் எஸ்ஆர்ஏ3 தாளின் அளவு 320க்கு 450 மில்லிமீற்றர். வெட்டு இடத்தோடு சேர்த்து ஏ6 அட்டை எட்டு அதில் அடங்கும். ஆகவே எட்டு வடிவமைப்பு செய்து, எட்டையும் ஒரே தாளில் அடுக்குங்கள். ஒரு தாள் வெட்டினால் ஒரு தொகுதி. ஐம்பது தாள் அச்சடித்தால் ஐம்பது தொகுதி. ஒரு வடிவம் விற்றுத் தீர்ந்து மற்றொன்று குவிந்து கிடக்கும் நிலை வராது. தொகுதியைச் சுற்றிக் கட்ட நெசவுக்கூடத்தில் மிஞ்சும் கரைத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பொலித்தீன் உறையைவிட அது பத்து மடங்கு பேசும்.

விலை போடும்போது கடதாசி, அச்சு, வெட்டு, கட்டு இவற்றோடு உங்கள் நேரத்துக்கும் ஒரு தொகை வையுங்கள். கடையில் வைத்தால் மூன்றிலொரு பங்கு கடைக்காரருக்குப் போகும் என்று நினைத்தே கணக்கிடுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சவில்லை என்றால் விலையைக் கூட்டுங்கள், அட்டையின் தரத்தைக் குறைக்காதீர்கள்.

அட்டையின் பின்னால் என்ன எழுதுவது

நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020இல் ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அம்பாறையில் பழைய கல் என்றாலே யாருடைய காணி என்ற கேள்வி பின்னால் வருகிறது. அந்தச் சண்டைக்கு உங்கள் அட்டை விறகாகக் கூடாது. எந்த எழுத்து, எங்கே கிடைத்த வடிவத்தைப் பின்பற்றியது, எப்படி வாசிப்பது: இந்த மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ‘உலகின் முதல் எழுத்து’, ‘எங்கள் எழுத்து மட்டும்’ போன்ற முழக்கம் எதுவும் வேண்டாம். சிங்கள எழுத்தும் பிராமியின் வழி வந்ததுதான். அதே ‘க’வைக் காட்டி ஒரு சிங்கள வாசகரோடும் நீங்கள் பேச முடியும் என்பது இந்த வேலையின் பெரிய நன்மைகளில் ஒன்று.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பிராமி எழுத்து யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் கல்வெட்டின் புகைப்படம் எடுத்தவருக்குச் சொந்தம், கேட்காமல் அட்டையில் போடக்கூடாது. கல்வெட்டில் மை பூசிப் படியெடுப்பதோ சோக்கட்டியால் தீட்டுவதோ தொல்லியல் திணைக்கள அனுமதியின்றிக் கூடவே கூடாது. நீங்கள் வரைந்த வடிவமைப்புக்கு 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி உரிமை தானாகவே உண்டு. வரைந்த தாள்களைத் திகதியிட்டு வைத்திருங்கள். திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்களை வணிக அட்டையில் பயன்படுத்தலாம். விளக்க எழுத்துக்குக் கவிவாணர், பவனம் இரண்டையும் பாருங்கள். இரண்டையும் வடிவமைத்த தாரிக் அஸீஸ் இலங்கையர். தமிழ் எழுத்துருவை உலகம் இறக்கிப் பயன்படுத்தும்படி இந்தத் தீவிலிருந்தே செய்ய முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

எங்கே விற்பது

மருதமுனை நெசவுக் கடைகளிலிருந்தே தொடங்குங்கள். சேலை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர் கையில் ஊரின் பெயருள்ள அட்டை ஒன்று போகட்டும். தெற்கே அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவத்தில் வரும் வெளிநாட்டாருக்கு யானைப் படம் எங்கும் கிடைக்கும், பிராமியில் எழுதிய ‘கரைவலை’ கிடைக்காது. கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகளுக்குத் தும்பிக்கை எழுத்துத் தொகுதியை அனுப்பலாம். உலகெங்கும் முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் அட்டை அனுப்பிக்கொள்ளும் போஸ்ட்கிராஸிங் என்ற திட்டம் 2005இலிருந்து நடக்கிறது. முதல் தபாலட்டை ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளியான நாளை நினைத்து ஒக்டோபர் 1ஆம் திகதியை உலகத் தபாலட்டை தினமாகக் கொண்டாடுகிறார்கள். உங்கள் தொகுதியை வெளியிட அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தபாலட்டை விற்று மட்டும் ஒரு குடும்பம் நடத்த முடியுமா? முடியாது என்பதே நேர்மையான பதில். ஆனால் எட்டு அட்டை என்பது உங்கள் வேலைக்கு எட்டு மாதிரிகள். நூல் அட்டை, நிறுவன இலச்சினை, நெசவுப் பொருட்களின் பொதி, கண்காட்சிப் பலகை என்று எழுத்துத் தெரிந்த வடிவமைப்பாளரைத் தேடும் வேலைகள் அதன் பின்னால்தான் வரும். அமெரிக்காவில் வாழும் டிம் புரூக்ஸ் அழியும் நிலையிலுள்ள எழுத்துகளை மரப்பலகையில் செதுக்கத் தொடங்கி, அதையே தம் வாழ்நாள் பணியாக வளர்த்தெடுத்தார். முறையாகப் படிக்க விரும்புகிறவருக்கு மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே கட்புலக் கலை பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது.

கடைசியாக வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுமாரியின் மேல்தட்டில் உம்மாவுடையதோ மூத்தம்மாவுடையதோ ஓர் அரபுத்தமிழ்க் கிதாபு துணி சுற்றி இருக்கக்கூடும். 2004 சுனாமியில் இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளோடு அப்படிப்பட்ட புத்தகங்களும் போய்விட்டன. மிஞ்சியிருப்பதைக் கிழிந்துபோயிற்று என்று மண்ணில் புதைக்குமுன், கடலில் விடுமுன், தெருவில் டிசைன் படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க விடுங்கள். ஒரு பிரதியை எண்ணிம நூலகம் நடத்தும் ‘நூலக நிறுவனத்துக்கும்’ அனுப்பச் சொல்லுங்கள்.